போகாத ஃபியூஸ்

“போகாத ஃபியூஸ் ஒண்ணு குடுங்க, டீச்சரம்மா.”

இசக்கியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. லாரியை விற்றுவிட்டு, பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி, மைக் செட்காரராகிவிட்ட மனிதர். பாளையங்கோட்டையில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீனத்திடம் மூன்று மாதமாகத் தொழில் படிக்கிறார். அவளுக்கு இருபத்தொன்பது.

“அப்படி ஒண்ணு கெடையாதே அண்ணாச்சி.”

“நேத்துலருந்து ஏழு போயிட்டு. போடுதேன், போவுது. பதினோரு மணிக்குத் தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் செட்டு பாடாம காது குத்த விடமாட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லித் தொலைச்சிட்டேன். ஒங்க செட்டு இருமக்கூட செய்யாதுன்னு மச்சான் சிரிக்கான்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜீனத் அவர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திருப்பினாள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி கனத்துக்குச் செம்புக் கம்பி.

“இது யாரு வேல?”

“நாந்தான். இன்னும் சுவிட்சு போடல. இது போவாதுல்லா?”

“இது போவாது. வீடு போயிரும்.”

கம்பியைக் குறட்டால் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். சாதாரண ஃபியூஸையே மாட்டினாள். பிறகு நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை வயரின் நடுவே இணைத்தாள். கரண்ட் அதைக் கடந்துதான் பெட்டிக்குள் போக வேண்டும்.

சுவிட்சைப் போட்டாள். பல்பு கல்யாண வீடு மாதிரி எரிந்தது.

“ஆகா, பளிச்சுனு எரியுதே!”

“எரியக் கூடாது அண்ணாச்சி. உள்ள எங்கயோ கோளாறு இருந்தாத்தான் இப்படி எரியும்.”

“பெறகு?”

“ஏழு ஃபியூஸும் அதத்தான் சொல்லிட்டுப் போயிட்டு. எட்டாவது ஆளு இந்தப் பல்பு, இது சொல்லுததையாவது கேளுங்க.”

ஜீனத் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாரிடம் காட்டுவது? பல்பையே முறைத்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சை அணைத்தார். சூடு ஆறும்வரை பொறுத்து, பெட்டிக்குள் வரிசையாக நின்ற கண்ணாடி வால்வுகளில் ஒன்றைக் கழற்றினார். மறுபடி போட்டார். பல்பு அப்படியே எரிந்தது.

இரண்டாவதைக் கழற்றினார். அப்படியே.

மூன்றாவதைக் கழற்றிவிட்டுப் போட்டார். பல்பு ஒரு முறை மின்னிவிட்டு மங்கிப்போனது.

“நீதானாலே அது!”

டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜீனத் மட்டும் திரும்பவில்லை. மிச்ச டீயை நிதானமாகக் குடித்தாள்.

வேறு வால்வு போட்டதும் பத்தரைக்குப் பெட்டி பாடியது.

பதினோரு மணி. மாமன் மடியில் குழந்தை. ஆசாரி இன்னும் ஊசியைக் கையில் எடுக்கவில்லை, அதற்குள் வீறிட்டு அழுதது. மைக் பக்கத்திலேயே இருந்தது. நாலு தெருவுக்கும் கேட்டது.

“வாயில லட்ட வைங்க, சத்தம் நிக்கட்டும்!” என்றான் மச்சான்.

லட்டோடு நீண்ட கையை இசக்கியப்பன் தட்டிவிட்டார்.

“இருங்கய்யா. பிள்ள என்னமோ சொல்லுதுல்லா!”

பட்டுப்பாவாடையைச் சுற்றிலும் தடவினார். இடுப்பில், திறந்து கிடந்த ஊக்கு ஒன்று கையில் குத்தியது. கழற்றினார்.

குழந்தை சிரித்தது.

அதுவும் நாலு தெருவுக்கும் கேட்டது.