பவளத்துக்கு ஊட்டிய மீன்

“தண்ணியில பாசி படர்ந்தா, முதல்ல பார்க்க வேண்டியது...”

மீன் கடைத் தொட்டியில் ஒரு கிழட்டுக் களவாமீன் இப்படி ஏதோ சொன்னது. எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லித்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து தீனி விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்த கோமாளி மீன் பாய்ந்து ஓடிவிட்டது. மீதிப் பேச்சு அதன் காதில் ஏறவே இல்லை.

இப்போது அந்தக் கோமாளி மீன் ஒரு வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்த சின்னக் கடலில் வாழ்ந்தது. உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டை. நீச்சலில் முப்பது வேலி நிலம் வைத்திருப்பவரின் மிதப்பு. அதனால் மற்றவை அதற்கு ‘மிராசு’ என்று பெயர் வைத்திருந்தன.

மிராசுக்கு வீடு ஒரு பவளம். பாறைமேல் விரல்விரலாக ஆடும் உயிர் அது. அந்த விரல்களுக்குள் புகுந்துதான் மிராசு தூங்கும். வேறு இடத்தில் அதற்குத் தூக்கம் வராது.

தினமும் தீனி விழுந்ததும் மிராசு தன் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பிறகு ஒவ்வோர் உருண்டையாகக் கவ்வி வந்து பவளத்தின் வாயில் திணிக்கும். கண்ணாடிக்கு வெளியே விருந்தாளிகள் கூடிவிடுவார்கள். “பாரு, பாரு! ஊட்டி விடுது!” என்று கைதட்டுவார்கள். கைதட்டல் கேட்டால் மிராசுக்கு இன்னும் நாலு உருண்டை கொண்டுவரத் தோன்றும்.

ஒருநாள் பாறையில் பச்சை படர்ந்தது. ஒரே வாரத்தில் அது தலைமயிர்போல் நீண்டு பவளத்தின் காலடிக்கு வந்துவிட்டது. பவளத்தின் விரல்கள் சுருங்கின.

“யார் வேலை இது?” என்று மிராசு சீறியது. நேரே நத்தையிடம் போனது. “ஏய்! பாசி தின்னத்தானே உன்னை இங்கே விட்டிருக்காங்க? தூங்குறியா?”

நத்தை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “காலையில நக்கி முடிச்ச இடம் சாயங்காலம் மறுபடி முளைச்சு நிக்குது. எனக்கு இருக்கறது ஒரு வாய். இங்கே எவனோ பாசிக்குப் பந்தி போடுறான்!”

“எவன் அவன்?”

“பக்கத்துக்கு ஒண்ணா கண்ணு வச்சிருக்கியே, தேடேன்!”

‘வேலை செய்யாதவள் பேச்சு’ என்று மிராசு திரும்பிவிட்டது. வைத்தியர் இறாலைக் கூப்பிட்டது. மீன்களின் உடம்பில் ஒட்டிய பூச்சிகளைப் பொறுக்கிப் பிழைத்த இறால் அது. இப்போது பூச்சி பொறுக்குவதை விட்டுவிட்டு, பவளத்தின் பாறைக்கு அடியிலேயே குடியேறியிருந்தது. உடம்பும் பருத்திருந்தது. ஏன் பருத்தது என்று மிராசு கேட்கவில்லை.

முதல் நாள் இறால், “விளக்குதாங்க ஐயா, கோளாறு!” என்றது. மறுநாள், “நீரோட்டம் பத்தலைங்க ஐயா!” என்றது. மூன்றாம் நாள் மீசையைத் தடவிக்கொண்டு, “பவளத்தம்மாவுக்குப் பலவீனம். தீனியைக் கூட்டுங்க!” என்றது.

“நானும் அதைத்தான் நினைச்சேன்!” என்றது மிராசு. தனக்குப் பிடித்ததைச் சொல்கிறவன்தான் அதற்கு வைத்தியன்.

அன்று முதல் இரண்டு பங்கு ஊட்டியது. பவளம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. “மிராசு, போதும், நான்...”

“பேசாதே! பேசினா களைச்சுப்போவே. இந்தா!” உருண்டை உள்ளே போனது.

வெளியே பலத்த கைதட்டல்.

பத்தாம் நாள் பவளத்தின் ஓரத்தில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. மிராசு அவசரமாக ஓர் உருண்டையைக் கொண்டு வந்தது. பவளம் வாயை இறுக மூடிக்கொண்டது. உருண்டை மோதி, நழுவி, பாறைக்குப் பின்னால் விழுந்தது.

முதல் தடவையாக மிராசு அது விழுந்த வழியே போய்ப் பார்த்தது.

பாறைக்குப் பின்னால் ஒரு குப்பைமேடு! இத்தனை நாள் பவளம் துப்பிய உருண்டைகள் ஊறி, நொதித்து, நாறிக் கிடந்தன. பாசி அங்கேதான் வேர்விட்டதுபோல் அடர்ந்து நின்றது. நடுவே இறால் உட்கார்ந்து இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தது.

“ஐயா... மருந்து சோதிக்கிறேனுங்க!” என்றது இறால்.

‘முதல்ல பார்க்க வேண்டியது, மிஞ்சின தீனி எங்கே கிடக்குதுன்னு!’ கிழட்டுக் களவாமீன் இப்படித்தான் சொல்லி முடித்திருக்கும் என்று இப்போது மிராசுக்கு விளங்கியது.

மெல்லத் திரும்பி வந்தது. பவளம் வாயைத் திறந்தது. திணிக்க இன்று ஒன்றும் இல்லை.

“எனக்கு வெளிச்சமே பெரும்பாதி சாப்பாடு” என்றது பவளம். “எப்போதாவது ஒரு வாய் போதும். எத்தனை தரம் சொல்ல வந்தேன்! நீ ஊட்டினது எனக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்களுக்கா?”

மேலே ஊர்ந்துகொண்டிருந்த நத்தை, “பந்தி போட்டவன் கிடைச்சுட்டானா, மிராசு?” என்று கேட்டது.

என்ன வேண்டும் என்று கேட்காமல் கொடுப்பவன் தன் பெருமைக்குத்தான் தீனி போடுகிறான். இதைப் புரிந்துகொள்ள அந்த மீனுக்கு ஒரு பாறை நிறையப் பாசி தேவைப்பட்டது.

மறுநாள் தீனி விழுந்தது. விருந்தாளிகள் கண்ணாடியருகே காத்து நின்றார்கள். மிராசு தன் பங்கைத் தின்றுவிட்டு, பவளத்திடம் வெறும் வாயோடு போனது.