சோற்றோடு நெய்யையும் விட்ட ராஜா

முன்னொரு காலத்திலே முத்தாற்றங்கரை நாட்டை வீரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் அளவோடு செய்யத் தெரியாது, பாவம்.

அரண்மனைத் தோட்டத்தில் நிறையத் தென்னைகள் இருந்தன. அதில் ஒன்று, காலமான மகாராணி செண்பகவல்லி கல்யாணமாகி வந்த புதிதில் தன் கையால் வைத்த மரம். காலையில் அதனடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் ராஜா சபைக்கே வருவார்.

ஒரு சமயம் ராஜாவுக்கு நீரிழிவு வந்துவிட்டது. மந்திரி பிச்சாண்டி ஒரு வைத்தியரை அழைத்துவந்தார். அவர் நாடி பார்த்து, "சோறு, வெல்லம், பலகாரம் எதுவும் வேண்டாம் மகாராஜா. மீன், முட்டை, கீரை சாப்பிடுங்கள். பசி அடங்குகிற அளவுக்கு நெய்யும் தேங்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்றார். ராஜாவும் அப்படியே செய்தார். தொந்தி வற்றியது, முகம் தெளிந்தது. சபையே பிச்சாண்டியைப் புகழ்ந்தது.

அதுதான் அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. மந்திரி பதவி மேல் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த பிரதானி அவர். ராஜாவின் காதோரம் போய், "சோற்றை விட்டதற்கே இவ்வளவு இளைத்தீர்களே, நெய்யையும் விட்டால்? கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பையே தின்னச் சொல்கிறார் மந்திரி. இது எந்த ஊர் நியாயம்?" என்று ஓதினார்.

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. அன்று முதல் சோறும் கிடையாது, நெய்யும் கிடையாது, தேங்காய் வாடையே கூடாது. அவித்த கீரையும், சக்கையாக வெந்த கோழியும், முட்டையின் வெள்ளைக்கருவும்தான்.

ஐயையோ, அதற்கப்புறம் அந்த அரண்மனையில் மனுஷன் இருக்க முடிந்ததா? ராஜாவுக்குக் கை நடுங்கியது, வெயிலிலும் குளிரெடுத்தது. சாமரம் வீசினால் ஏன் வீசுகிறாய் என்பார், நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்பார். அப்போதும் அம்பலவாணர் விடவில்லை. "தோட்டத்துத் தென்னைகள் கண்ணில் படுகிறவரை நாக்கு அடங்காது மகாராஜா. வெட்டிப் போடுங்கள்."

"வெட்டு!" என்றார் ராஜா.

தோட்டக்காரர் மாடசாமி பதறிப்போனார். "ராணியம்மா மரத்தையுமா மகாராஜா?"

"எல்லாம் என்றால் எல்லாம்தான்!"

பிச்சாண்டி ஓடிவந்து காலில் விழுந்தார். "மகாராஜா, நீங்கள் பேசவில்லை, உங்கள் பசி பேசுகிறது. பௌர்ணமி வரை பொறுங்கள். இந்தப் பத்தியம் தப்பென்று அதற்குள் நான் காட்டாவிட்டால், மரத்தோடு என் பதவியையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

"சரி, பௌர்ணமி வரை."

"இன்னொன்று மகாராஜா. உங்கள் சாப்பாட்டில் விஷம் இருக்கிறதா என்று ஒருவர் முதலில் தின்று பார்ப்பது வழக்கம். பத்தியம் சொன்னவரே தின்று பார்ப்பதுதானே முறை? வெளியில் வேறு எதையாவது தின்று வயிறு கெட்டால் குழப்பமாகிவிடும். அதனால் அம்பலவாணர் அரண்மனையிலேயே தங்கட்டும். நீங்கள் சாப்பிடுவதை மட்டும், அதே அளவு சாப்பிடட்டும்."

அம்பலவாணர் மறுக்க முடியுமா? அசடு வழிய, "என் பாக்கியம்" என்றார்.

அந்தப் பாக்கியம் சீக்கிரமே பல்லிளித்தது. பௌர்ணமிக்கு முன்பே ஒரு காலையில் ராஜா சபைக்குள் நுழைந்தால், சிம்மாசனத்துக்கு முன்னே எரிகிற நெய்விளக்கு அணைந்து கிடக்கிறது. பக்கத்தில் அம்பலவாணர் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"விளக்கு ஏன் அணைந்தது?"

"காற்று, மகாராஜா."

"காற்றுக்கு நெய் குடிக்கிற பழக்கம் எப்போதிலிருந்து?" என்றார் பிச்சாண்டி. "பிரதானியாரின் மீசையைப் பாருங்கள் மகாராஜா, பளபளவென்று மின்னுகிறது!"

சபை கொல்லென்று சிரித்தது. அம்பலவாணர் அழுதேவிட்டார். "வயிறு முட்டக் கீரை தின்கிறேன் மகாராஜா, ஆனாலும் பசி! கண்ணை இருட்டுகிறது!"

"இந்த விளக்கு மாதிரிதான் உடம்பும்" என்றார் பிச்சாண்டி. "எரிக்க ஏதாவது வேண்டும். முன்பு சோறு எரிந்தது. சோற்றை விட்டபோது அந்த இடத்தில் நெய்யும் தேங்காயும் எரிந்தன. இரண்டையும் நிறுத்தினால் உடம்பு தன்னையே அல்லவா தின்னும்?"

"அப்படியானால் நெய்யைக் குடம் குடமாகக் குடிக்கவா?" என்றார் ராஜா.

"ஐயோ, வேண்டாம்! தொந்தியில் இருப்பதும் கொழுப்புதானே, அதுவும் எரியட்டும். பசி அடங்கியதும் கையைக் கழுவிவிடுங்கள்."

வெகு நாளைக்கப்புறம் ராஜா சிரித்தார். பிச்சாண்டி கழுத்தில் முத்துமாலையைப் போட்டார். "அம்பலவாணரே, இனிமேல் சபை விளக்குக்கு நெய் ஊற்றுவது உம்முடைய வேலை. ஒரு சொட்டு குறைந்தாலும் கேட்பேன்!" என்றுவிட்டு, "பசிக்கிறது, இலை போடுங்கள்" என்றார்.

தேங்காய்ப்பால் விட்ட மீன் குழம்பு வந்தது. இரண்டு வாய் உள்ளே போனதும் கை நடுக்கம் நின்றது, மனசு தெளிந்தது. "அடடா, செண்பகம் வைத்த குழம்பு மாதிரியே இருக்கிறதே! எந்த மரத்துத் தேங்காய்?"

சமையலுக்குக் காய் கொண்டுவந்த மாடசாமிதான் சொன்னார்: "அம்மா மரத்துக் காய் மகாராஜா. இன்று விடியற்காலையில் நீங்களே வந்து, பௌர்ணமியாவது மண்ணாவது, இப்போதே வெட்டு என்று கோடரியை என் கையில் திணித்தீர்களே, வெட்டிவிட்டேன். மறந்துவிட்டதா?"

ராஜாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "விதைக்கு ஒரு காயாவது வைத்திருக்கிறாயா?"

"மற்றதெல்லாம் இளசு மகாராஜா, முளைக்காது. முற்றின காய் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உங்கள் இலையில்."

ராஜாவின் கை இலையிலேயே நின்றது. அவர் வாய்விட்டு அழுதார். "பிச்சாண்டி, நீர் பெரிய புத்திசாலி ஆயிற்றே. இதற்கு ஒரு வழி சொல்லும்."

பிச்சாண்டி முத்துமாலையைக் கழற்றி இலையோரம் வைத்தார். "வழி இல்லை மகாராஜா. அம்பலவாணரை மாட்டிவைக்கிற ஆசையில் நாளைக் கடத்திவிட்டேன். காலில் விழுந்த அன்றைக்கே உங்களைக் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு வாய் சாப்பிட வைத்திருந்தால் மரம் நின்றிருக்கும்."

அன்றிலிருந்து அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜா எந்த உத்தரவு போட்டாலும், முத்திரை வைக்குமுன் மந்திரி, "மகாராஜா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவேண்டும். ராஜா ஒரு தடவை ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்ப்பார். பிறகுதான், "சாப்பிட்டேன்" என்பார்.