திருப்பி அனுப்பப்பட்ட கேள்வி

சிறுமலை அடிவாரத்தில் செங்கமலம் என்றொருத்தி தேனீ வளர்த்து வந்தாள். அவளிடம் நான்கு பெட்டிகள் இருந்தன. அடைமழை விட்ட ஒரு காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பெட்டிகள் காலியாகக் கிடந்தன. மூன்றாவதில் இரைச்சல் குறைந்துகொண்டே வந்தது.

பதறிப்போய்க் கைப்பேசியை எடுத்தாள். அந்தப் பதற்றத்தில் ஒரு கேள்வி பிறந்தது. 'தேனீ எல்லாம் போகுது, என்ன செய்ய, அவசரம்' என்பதைத் தவிர அதன் உடம்பில் வேறு எதுவும் இல்லை. பின்னால் ஏழெட்டு ஆச்சரியக்குறிகள் மட்டும் வால்போல் தொங்கின.

கேள்வி மூச்சிரைக்க ஓடி, தேனீ வளர்ப்போர் கூடிப் பேசும் இணைய மன்றத்துக்கு வந்தது. வாசலில் காவலுக்கு மன்றத்தின் கட்டுப்பாடு நின்றுகொண்டிருந்தது. சிரித்துப் பழகாத முகம். எந்த வகைத் தேனீ, எப்போதிருந்து இப்படி, பெட்டியைத் திறந்து பார்த்தாளா என்று வரிசையாக விசாரித்தது. இதே மாதிரி யாராவது முன்பு கேட்டிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தாயா என்றும் கேட்டது. கேள்விக்கு எதுவும் தெரியவில்லை.

"தெரிந்துகொண்டு வா" என்று சொல்லிக் கட்டுப்பாடு கதவைச் சாத்தியது.

திரும்பும் வழியில் அவமானம் வந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே இருப்பவர்களுக்குத் தலைக்கனம் என்றது. புதிதாக வருகிறவர்களை அவர்கள் மதிப்பதே இல்லை, வா, திரும்பப் போய் நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடலாம், நானும் துணைக்கு வருகிறேன் என்றது. கேள்விக்கும் அது சரி என்றே பட்டது. என்ன சொல்வதென்றுகூட யோசித்து வைத்துக்கொண்டது. அப்போதுதான் மூன்றாவது பெட்டியின் ஞாபகம் வந்தது.

"சண்டை போட்டு ஜெயிக்க எனக்கு நேரமில்லை. அவளுக்குத் தேனீ வேண்டும்" என்றது கேள்வி.

அவமானம் அடுத்த ஆளுக்காக அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கேள்வி மன்றத்தின் பக்கவாட்டுக்குப் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. பழைய கேள்விகள் தத்தம் பதில்களோடு உட்கார்ந்திருந்தன. ஒன்றுக்கு எறும்புத் தொல்லை. ஒன்றில் ராணித்தேனீ செத்திருந்தது. இன்னொன்றில் பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருந்தார்கள். எல்லாமே தேனீ போகிறது என்றுதான் தொடங்கின. ஆனால் ஒன்றின் பதில் மற்றொன்றுக்கு உதவாது. அதைப் பார்த்ததும் கேள்விக்குப் பயம் வந்துவிட்டது.

அது செங்கமலத்திடம் திரும்பிப் போனது. வீடு பற்றி எரியும்போது பரீட்சை வைக்கிறார்களே என்று அவள் அலுத்துக்கொண்டாள். உண்மையில் மூன்றாவது பெட்டியைத் திறக்க அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே என்ன கிடக்குமோ என்ற பயம். ஆனாலும் போய்த் திறந்தாள். அடையில் வெள்ளை நூலாம்படை படர்ந்திருந்தது. அதற்குள் சிறு புழுக்கள் நெளிந்தன. அடிப்பலகையில் கறுப்பாகத் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. கண்டதைக் கண்டபடி எழுதினாள். ஆச்சரியக்குறிகள் தாமாகவே கழன்று விழுந்தன.

இந்த முறை கட்டுப்பாடு கேள்வியைத் தலை முதல் கால் வரை படித்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டது. கேள்வி உள்ளே கால் வைத்ததுமே ஒரு பதில் எழுந்து வந்தது.

இது மெழுகுப்பூச்சியின் வேலை என்றது பதில். நூல் படிந்த அடைகளை அறுத்து எடுத்துவிட வேண்டும். தேனீக்கள் மூடி உட்காரும் அளவுக்கு மட்டும் அடைகளை விட்டுவைக்க வேண்டும். அடிப்பலகையைச் சுத்தம் செய்து, வாசலைச் சிறிதாக்கி, சில நாள் சர்க்கரைப் பாகு வைத்தால் கூட்டம் தேறிவிடும். நான்காவது பெட்டியையும் இன்றே திறந்து பார்க்கட்டும்.

கேள்விக்கு உயிர் வந்தது. ஆனால் மனத்தாங்கலும் இருந்தது.

"இவ்வளவு பக்கத்திலா இருந்தாய்? முதல் தடவை ஏன் வரவில்லை?"

"அப்போதும் எழுந்தேன்" என்றது பதில். "என்னோடு இன்னும் பத்துப் பேர் எழுந்தார்கள். எங்களில் யார் வேண்டும் என்று நீ சொல்லவே இல்லையே."

பதில் சொன்னபடியே செங்கமலம் எல்லாம் செய்தாள். அடுத்த வாரம் மூன்றாவது பெட்டியின் வாசலில் தேனீக்கள் காலில் மஞ்சள் மகரந்தத்தோடு வந்து இறங்கின. நான்காவதும் தப்பியது. அவள் வெயிலில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடந்ததையெல்லாம் மன்றத்துக்கு எழுதி அனுப்பினாள்.

அதைப் படித்த கட்டுப்பாடு, கேள்வியையும் பதிலையும் சேர்த்து ஜன்னலோரமாக உட்காரவைத்தது.

தை மாதத்தில், மார்த்தாண்டத்தில் தேனீ வளர்க்கும் ஜெபசிங், தன் தேனீக்களும் போவதைக் கண்டு பதறியடித்துக்கொண்டு அங்கே வந்தார். வெளியில் நின்றபடியே அந்த இரண்டையும் படித்தார். முகம் தெளிந்து, வந்த வேகத்தில் தன் பெட்டிகளைப் பார்க்க ஓடினார்.

அந்த மன்றத்தில் ஜெபசிங் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அவருடைய தேனீக்கள் பிழைத்துக்கொண்டன.