ஊற்றச் சொன்னாள், முழுகி வந்தாள்

மொட்டையம்மையின் மடத்துக்குப் பேய் விரட்ட வழி கேட்டு வந்தவர்கள் உண்டு. பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள் உண்டு. தலைச்சிக்கு எடுக்க வழி கேட்டு வந்தவள் சிந்தாமணி ஒருத்திதான்.

கேட்ட இடமும் நல்ல இடம்தான். மொட்டையம்மையின் தலையில் முடி என்று ஒன்று இருந்து பதினைந்து வருடம் ஆகிறது. அவள் குரு என்றாலும் வயதில் சிந்தாமணிக்கு இளையவள். ஆற்றங்கரையில் நாலு கீற்றுக் கொட்டகையும் ஒரு கிணறும் சேர்ந்ததுதான் மடம்.

"அம்மை, எப்பிடிக் குளிச்சா சிக்கு லேசா வரும்?"

"மொட்டத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட வந்தியா?"

சிந்தாமணி சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து கூந்தலை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். பிடரியில் ஒரு முடிச்சு இருந்தது. சின்னப் பிள்ளையின் மூடிய கை அளவு இருக்கும்.

மொட்டையம்மை அதைத் தொட்டாள். ஈரமாக இருந்தது. அழுத்தியபோது உள்ளே ஆற்று மணல் நெறுநெறுத்தது.

"காலையில குளிச்சியா?"

"இல்ல. நேத்து மத்தியானம் குளிச்சதுதான். சாயந்திரம் எண்ணெய் வச்சு, சிக்கெடுத்து, பின்னிப் போட்டேன். விடிஞ்சு பாத்தா இப்பிடி இருக்கு. அஞ்சு வருசமா இப்பிடித்தான்."

"மொட்ட போட்டுப் பாத்தியா?"

"ரெண்டு கோயில்ல போட்டேன். பிடரி மறையிற அளவுக்கு வளந்ததும் திரும்ப விழுந்துட்டு."

"அஞ்சு வருசம் பொறுத்தவளுக்கு இப்ப என்ன அவசரம்?"

சிந்தாமணி முந்தானையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எட்டு மாசத்துல ஒரு பெண்பிள்ள இருக்கு. பத்து நாளைக்கு முன்ன பால் குடிக்கையில என் முடியப் பிடிச்சு இழுத்துச்சு. எனக்கு என்னமோ ஆயிட்டு. விரலப் பிடிச்சுப் பிரிச்சுட்டேன். சுண்டுவிரல் வீங்கிப் போச்சு. அத்தை பிள்ளைய வாங்கிட்டாங்க. தலையில இருக்கது இறங்கின பொறவு வந்து பிள்ளையத் தொடுன்னு சொல்லிட்டாங்க. அவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். நானே என் கையக் கண்டு பயந்துதான் கிடக்கேன்."

"பால்?"

"கட்டிக்கிட்டு வலிக்கி அம்மை. பீச்சிச் செடிக்கு ஊத்துதேன்."

மொட்டையம்மை கிணற்றடியைக் காட்டினாள்.

"நாளைக்குத் தலைக்கு ஊத்திட்டு வா. பாப்போம்."

மறுநாள் சிந்தாமணி சொட்டச் சொட்ட வந்து நின்றாள். முடிச்சு முந்தின நாளைவிட இறுகியிருந்தது.

"ஊத்தினியா?"

"ஆமா அம்மை. ஆத்துல முழுகிட்டு வாரேன்."

"நான் ஊத்தச் சொன்னேன். நீ முழுகிட்டு வந்திருக்க."

"ரெண்டும் ஒண்ணுதான அம்மை? தல நனையணும், அவ்வளவுதான?"

"ஒண்ணுன்னா நாளைக்கு ஊத்திட்டு வா."

அடுத்த நாளும் அவள் முழுகிவிட்டுத்தான் வந்தாள். கிணறு இருந்தது, வாளி இருந்தது, செம்பும் கிணற்றுச் சுவரிலேயே இருந்தது. அவற்றைத் தாண்டிக் கால் தானாக ஆற்றுக்குப் போய்விடுகிறது என்று சொன்னாள். அதில் பொய் இல்லை. அவளுக்கே அது விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மூன்றாம் நாள் மொட்டையம்மை ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனாள்.

உச்சி வேளை. நிழல் காலடிக்குள் ஒடுங்கியிருந்தது. அந்த நேரத்தில் அந்தத் துறைக்கு ஆடுகூட இறங்குவதில்லை. சிந்தாமணி படியிறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, முடியை அவிழ்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினாள். எழுந்தாள். மறுபடி முழுகினாள். ஒவ்வொரு முழுக்கும் முந்தினதைவிட நீளமாக இருந்தது.

தலை உள்ளே இருக்கும்போது முடி மட்டும் மேலே மிதந்தது. ஆறு கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. முடி மேற்கே நீண்டு நின்றது. மிதக்கிற முடி தளர்ந்து அலையும். இது கட்டிய கயிறாக விறைத்திருந்தது.

மொட்டையம்மைக்குப் பயம் வந்தது. குருவுக்குப் பயமே வராது என்று நினைக்கிறவர்கள் குருவின் கூடவே இருந்து பார்க்காதவர்கள்.

"சிந்தாமணி, மேல வா."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறினாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"எத்தன முழுக்கு?"

"பதினாறு."

"அதென்ன கணக்கு?"

சிந்தாமணி ஆற்றைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரருக்கு மூத்தாள் பிள்ள ஒண்ணு இருந்துச்சு. மயிலுன்னு பேரு. ஏழு வயசு. என்னச் சித்தின்னு கூப்பிடும். அஞ்சு வருசத்துக்கு முன்ன ஆத்துல போயிட்டு. உடம்பு கிடைக்கல. பதினாறாம் நாள் ஊரே வந்து தல முழுகிச்சு. பிள்ள இல்லன்னு மனச ஆத்திக்கோ, நீயும் தல முழுகுன்னு எனக்கும் சொன்னாங்க."

"முழுகினியா?"

"அன்னைக்கிருந்து முழுகிக்கிட்டேதான் இருக்கேன்."

"எதுக்கு? அவளத் தேடியா, தலமுழுகியா?"

சிந்தாமணி மறுபடி ஆற்றுப் பக்கம் திரும்பினாள்.

மொட்டையம்மை அவளை மேலிருந்து மூன்றாம் படியில், ஆற்றுக்கு முதுகு காட்டி உட்காரவைத்தாள். கூடையிலிருந்து செம்பருத்தி இலையை எடுத்துக் கல்லில் வைத்துக் கசக்கினாள். வழுவழுவென்று சாறு இறங்கியது. அதைச் சீயக்காயோடு கலந்தாள். மூக்கு வைத்த ஒரு கிண்டியில் தண்ணீர் மொண்டாள்.

"முடியத் தூக்கி உச்சியில குவிச்சுத் தேய்க்காத. அது எப்பிடித் தொங்குதோ அப்பிடியே விடு. நான் மேலருந்து ஊத்துதேன். தண்ணி ஒரே பக்கமா இறங்கட்டும்."

ஊற்றினாள். சாறு முடியோடு வழிந்தது.

"சீப்ப எங்க வைப்ப?"

"உச்சியில."

"அங்க வச்சு இழுத்தா இருக்க சிக்கெல்லாம் கீழ போய்ச் சேர்ந்து இறுகும். நுனியில வை. நுனி பிரிஞ்ச பொறவு நாலு விரக்கடை மேல போ. சிக்குக்கு மேல ஒரு கையால முடியக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. அப்பத்தான் வேர் வலிக்காது."

அவள் சொல்லிக்கொண்டே செய்தாள். நுனி பிரிந்தது. நடு பிரிந்தது. சீப்பு பிடரிக்கு வந்ததும் நின்றது. மொட்டையம்மை சீப்பை வைத்துவிட்டு விரலால் தடவினாள். ஐந்து இழை ஒன்றன்மேல் ஒன்று மடங்கி, ஒரு குத்து முடியை இறுகப் பற்றியிருந்தன. நான்கு ஒரு பக்கமிருந்து வந்தன. குட்டையும் தடிமனுமாக ஒன்று எதிர்ப்பக்கமிருந்து வந்து அவற்றின்மேல் படிந்திருந்தது.

"சிந்தாமணி."

"ம்."

"எந்த விரல முதல்ல எடுத்த?"

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவனிடம் இல்லை, மொட்டை போட்ட இரண்டு கோயில்களிலும் இல்லை.

"சுண்டுவிரல."

மொட்டையம்மை ஓரத்து இழையில் சாற்றைத் தடவி, தண்ணீர் ஊற்றி, மெல்ல நெகிழ்த்தினாள். அது கழன்றது.

"அடுத்தது?"

"மோதிர விரல். முங்கினவளத் தூக்கப் பாஞ்சேன், தண்ணிக்குள்ள அவ என் முடியப் பிடிச்சுட்டா அம்மை. ரெண்டு பேரும் கீழ போறோம். எனக்குக் கால் எட்டல. மூச்சு முட்டுது."

இரண்டாவது இழை கழன்றது.

"நடு விரல எடுக்கையில அவ என்னப் பாத்தா. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. அடுத்த விரலையும் எடுத்தேன். கட்டை விரல் மட்டும் எடுக்க வேண்டி வரல. அது தானா நழுவிட்டு."

நான்கு இழைகளும் கழன்று தொங்கின. ஐந்தாவதில் மொட்டையம்மை வெகுநேரம் தண்ணீர் ஊற்றினாள். அது அசையவில்லை. கிண்டி மூன்று தடவை காலியானது.

"இது விட மாட்டேங்கு. என்னமோ கேட்டுட்டுப் பதில் வராம நிக்கிற மாதிரி இருக்கு. அன்னைக்கு அவ உங்கிட்ட எதுவும் கேட்டாளா?"

சிந்தாமணி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

"கேட்டா."

"என்ன?"

"'சித்தி, தலையெல்லாம் சிக்கு. எனக்குத் தலைக்கு ஊத்துதியா'ன்னு கேட்டா."

"நீ?"

"துணி துவைச்சுக்கிட்டிருந்தேன். 'ஏழு கழுத வயசாச்சு, நீயே போய் முழுகிட்டு வா'ன்னு சொன்னேன்."

அவள் அழுதாள். மொட்டையம்மையும் அழுதாள், ஆனால் கிண்டியைக் கீழே வைக்கவில்லை. அழுது முடித்ததும் அதை நிறைய மொண்டு சிந்தாமணியின் கையில் கொடுத்தாள்.

"பாதிச் சீயக்காய் மிச்சம் கிடக்கு. ஊத்து."

"யாருக்கு?"

மொட்டையம்மை கீழ்ப்படியைக் காட்டினாள். சிந்தாமணி ஆற்றின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவள் காலுக்குக் கீழே, வழிந்த தண்ணீர் வெயிலில் அதற்குள் உலர்ந்து, கல் வெளுத்துக் கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"அங்க யாரும் இல்லியே அம்மை."

"அப்ப பயப்படாம ஊத்து."

சிந்தாமணி கிண்டியைச் சரித்தாள். தண்ணீர் கல்லில் விழவில்லை. கல்லுக்கு இரண்டு சாண் மேலேயே எதன்மேலோ பட்டு, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வழிந்தது. கல்லின் நடுவில் சின்ன வட்டமாக ஓர் இடம் மட்டும் காய்ந்தே இருந்தது.

ஓடிப்போக இடம் இருந்தது. மேலே எட்டிப்பார்த்தால் மடத்தின் கூரை தெரியும்.

சிந்தாமணி ஓடவில்லை. சாற்றைக் கையில் அள்ளி, நீர் பிரிந்த அந்த இடத்தில் தடவினாள். கை அந்தரத்தில் நின்று, வளைவாக இறங்கியது. மறுபடி ஊற்றினாள். குவித்துத் தேய்க்கவில்லை. தொங்குகிறபடியே விட்டு, ஒரே பக்கமாக ஊற்றினாள். பிறகு சீப்பை எடுத்தாள்.

நுனி எங்கே இருக்கும் என்று அவள் கேட்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் முடி முதுகில் எதுவரை வரும் என்று அவளுக்குத் தெரியும். சீப்பு வெறும் காற்றில் இறங்கி, ஓரிடத்தில் மாட்டி நின்றது. அவள் இடது கையை உயர்த்தி, சிக்குக்கு மேலே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்காம எடுக்கேன். தலய ஆட்டாம இரு."

அது மொட்டையம்மையைப் பார்த்துச் சொன்னது இல்லை.

வெகுநேரம் ஆனது. நிழல் காலடியை விட்டு வெளியே வந்து ஒரு படி ஏறியது. சீப்பு கடைசியில் உச்சியிலிருந்து நுனிவரை எங்கும் நிற்காமல் இறங்கியது. சிந்தாமணி கிண்டியில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றினாள். இந்தத் தடவை அது நேராகக் கல்லில் விழுந்து தெறித்தது. நடுவில் இருந்த காய்ந்த வட்டம் நனைந்தது.

ஆற்றுப் பக்கம் இரண்டு ஈரக் கால்தடங்கள் போயிருக்குமோ என்று அவள் தேடினாள். எதுவும் இல்லை. மணலில் ஒரு கொக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடரியைத் தடவினாள். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வரை விரல் தடையில்லாமல் ஓடியது. நம்பாமல் இன்னொரு முறை தடவினாள்.

"அம்மை, போயிட்டு."

"ம். கூடைய எடு."

"நான் வீட்டுக்குப் போகலாமா?"

"பால் கட்டிக் கிடக்கவ இங்க என்ன செய்யப் போற?"

சிந்தாமணி இரண்டு படி ஏறினாள். அப்புறம் நின்றாள்.

"பயமா இருக்கு அம்மை. பிள்ள பசியில இருக்கும். மடியில போட்டதும் முடியத்தான் முதல்ல பிடிக்கும். முடிய இறுக்கிக் கொண்டை போட்டுக்கிடட்டுமா?"

"வேண்டாம். தொங்க விடு."

"பிடிச்சு இழுத்தா?"

"விரலத் தொடாத. அதுவா விடுத வரைக்கும் குனிஞ்சே இரு."