சுண்டுவிரல் குழாயில் முதலாளி பெயர்

அந்தச் சர்ச்சில் வெள்ளைக்காரன் காலத்து இசைக்கருவியான குழாய் ஆர்கன் ஊமையாகிப் பல வருஷமாச்சு. அதைச் சரிபண்ண நன்கொடை கேட்டபோது, மில் முதலாளி பொன்னுதுரை ஒரேயொரு நூறு ரூபாய்த் தாளை நீட்டி, "ஆர்கன்ல என் பேரை எழுதணும்" என்று அதட்டினார். போதகர் கையைப் பிசைந்தார். சர்ச்சைப் பெருக்கும் தங்கபுஷ்பமோ, "அதுக்கென்ன முதலாளி, எழுதிருவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிரம்பி வழிந்தது. இருப்பதிலேயே பொடிசான, சுண்டுவிரல் அளவுக் குழாயில் அவர் பெயர் மின்னியது. தங்கபுஷ்பம் ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்தியை மிதித்தாள். அந்த ஒரு குழாய் மட்டும் "கீச்!" என்றது. சபையே சிரித்தது.

"என்ன இது?" என்று எகிறினார் முதலாளி.

"உங்க பணத்துக்கு இது ஒண்ணுதான் சரியாச்சு. இனி வாராவாரம் உங்க பேரைச் சொல்லி ஊதிருவோம், முதலாளி" என்றாள் தங்கபுஷ்பம்.

மறுநாளே முழுச் செலவுக்கும் முதலாளியிடமிருந்து பணம் வந்து சேர்ந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "என் பேரு எங்கேயும் இருக்கக் கூடாது!"