தங்கபுஷ்பம் தலையாட்டிய கதை

எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழவே இல்லை, ஆனாலும் தலையை ஆட்டி வைத்துவிட்டீர்கள். அப்படி உங்களுக்கு எப்போதாவது நடந்திருக்கிறதா?

எல்லோருக்கும் என்றைக்காவது நடக்கும். தங்கபுஷ்பத்துக்கு அது தினமும் நடந்தது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காதை முழுசாக எடுத்துக்கொண்டு போயிருந்தது. வலது காதில் பாதி மிச்சம். பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால் மீதியைப் பிடித்துவிடுவாள். முகம் திரும்பினால் போச்சு.

டவுனில் இருந்த வைத்தியப் பள்ளியில் படிக்கப் போனாள். அங்கே ஆசிரியர் மருந்து அரைத்துக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் பாடம் சொல்வார். முதல் வாரத்தில் ஒரு நாள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

அதற்குப் பிறகு தலையாட்டக் கற்றுக்கொண்டாள். ஆசிரியருக்கும் சந்தோஷம், அவளுக்கும் நிம்மதி. பரீட்சை வந்தபோது இரண்டும் போனது.

தோற்றாள். மறுபடியும் எழுதித் தோற்றாள். அதற்குமேல் பள்ளியில் அவளைப் பரீட்சைக்கு உட்கார விடவில்லை.

கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் பச்சிலை தேடப் போனவள், தோட்டம் தோட்டமாகப் போய் மற்ற இலைகளையும் வேர்களையும் படித்துக்கொண்டாள். விட்ட படிப்பு மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

மலைமேல் ஆவுடையம்மாள் நடத்தும் வைத்தியப் பள்ளியில் இடம் கிடைப்பது லேசில்லை. அதிலும் வேறு பள்ளியில் பாதியில் நின்றவர்கள் என்றால் வருஷத்துக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள்.

தங்கபுஷ்பம் போனாள். காது விஷயத்தைச் சொல்லிவிடக் கூடாது என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டே போனாள். தோற்றவள் என்பது ஒரு குறை. அதோடு இதுவுமா?

"கீழே தோத்துப் போயிட்டேன், அம்மா. மேலே சேத்துக்கிடுவீங்களா?"

ஆவுடையம்மாள் இவளைவிட வயதில் சின்னவர். "உக்காருங்கக்கா" என்றார்.

ஒவ்வொரு வேராக எடுத்துக் கையில் கொடுத்தார். தங்கபுஷ்பம் முகர்ந்தாள், கிள்ளிப் பார்த்தாள், பெயரைச் சொன்னாள். எதற்கு ஆகும், எதோடு சேரக் கூடாது என்பதையும் சொன்னாள். ஒன்றும் தப்பவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சவங்க எப்படித் தோத்தீங்க?"

அப்போது விளையாட்டுப் புத்தி என்று சொல்லி வைத்தாள்.

ஆவுடையம்மாள் அவள் கண்ணையே பார்த்தார். தங்கபுஷ்பம் அவர் உதட்டையே பார்த்தாள்.

பிறகு அவர் எழுந்து அடுப்புப் பக்கம் போனார். அங்கே கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு அதைக் கிண்டினார். ஏதோ பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. நீளமாகப் பேசினார்.

முடித்துவிட்டுத் திரும்பினார். பதிலுக்குக் காத்திருந்தார்.

தங்கபுஷ்பம் தலையாட்டினாள்.

"நல்லா யோசிச்சுத்தானே?"

இது உதட்டில் தெரிந்தது. இன்னும் பலமாக ஆட்டினாள். சிரித்தும் வைத்தாள்.

"சரிக்கா" என்றார் ஆவுடையம்மாள். மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இடம் கிடைத்துவிட்டது என்று தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். வரும்போது வாசலில் வைத்த துணிப்பையை எந்த அறையில் வைப்பது என்று சுற்றிப் பார்த்தாள். அங்கே சமையல் செய்யும் வேலம்மா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தாள்.

"சோறு வடிக்கிற வரைக்காவது இருக்கக் கூடாதாக்கா? வந்த சூட்டோட கிளம்புதிய."

உதடு நன்றாகத்தான் தெரிந்தது. விஷயம் பிடிபடவில்லை. எங்கே கிளம்புகிறேன் என்று கேட்டாள்.

வேலம்மா ஜன்னலோரம் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். விடியுமுன் காட்டுக்குப் போக வேண்டும், மழை பெய்தாலும் வேர் தோண்ட வேண்டும், நோயாளி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எழுந்திருக்க வேண்டும் என்று வைத்தியரம்மா அடுக்கினாராம்.

"கடைசியில, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு, பேசாம வீட்டுக்கே போயிருதியளான்னு கேட்டாவ. நீங்க தலைய ஆட்டுனிய. அழுவியன்னு பாத்தா, சிரிக்கிய. எங்க வீட்டு ஆடுகூட இவ்வளவு சந்தோசமா தலைய ஆட்டாதுக்கா."

தங்கபுஷ்பம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

டவுன் பள்ளியில் ஆட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. அங்கே எதற்கெதற்கெல்லாம் சரி என்றாளோ, யார் கண்டது?

பையைப் படியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆவுடையம்மாள் அப்படியே நின்றிருந்தார். முகம் அடுப்புக்கு, முதுகு இவளுக்கு. தோள் அசைந்தது. பேசுகிறாரா, கிண்டுகிறாரா?

தங்கபுஷ்பத்தின் தலை தானாக ஒரு தடவை ஆடியது.

முதுகுக்கு அது தெரியவில்லை.

இன்னொரு தடவை ஆடப் பார்த்தது. பிடரியில் கை வைத்து நிறுத்தினாள்.

வாசலில் வேலம்மா வந்து நின்றாள். அவள் சிரித்தாலும் சிரிப்பாள்.

"அம்மா."

குரல் நினைத்ததைவிடப் பெரிதாகவே வந்தது.

"எனக்கு இந்தக் காது கேக்காது. அந்தக் காது பாதிதான். அடுப்பை வேலம்மாகிட்ட விட்டுட்டு, என் முகத்தைப் பாத்து, அந்தக் கேள்விய இன்னொரு தடவை கேளுங்க."