காட்டில் போட்ட தண்டோரா

ஊர் மேய்ச்சல் நிலத்தை ஜமீன்தார் கேட்டார். "முதலில் புரொக்ளைம் செய்யும், அதாவது ஊரறியச் சொல்லும். யாரும் மறுக்காவிட்டால் நிலம் உமக்கு" என்றார் கலெக்டர் துரை.

ஜமீன்தார் தண்டோராக்காரன் கருமலையானைக் கூப்பிட்டார். "நடுக்காட்டில் போய்த் தமுக்கடி. ஊரில் எவனாவது கேட்டான், உன் குடிசை எரியும்!"

கருமலையான் அப்படியே செய்தான்.

விசாரணை நாளில் மறுக்க ஓர் ஆள் இல்லை.

"புரொக்ளைம் செய்தாயா?" என்று கருமலையானைக் கேட்டார் துரை.

"தொண்டை கிழியச் செய்தேன், துரையே."

ஜமீன்தார் மீசையை முறுக்கினார்.

"கேட்டவர்கள் ஏன் வரவில்லை?"

"விசாரணையை ராத்திரி வச்சா வருவாங்க, துரையே. கேட்டது அத்தனையும் நரிங்க. எசமான் நடுக்காட்டிலேதான் அடிக்கச் சொன்னாரு."

ஜமீன்தாரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

துரை ஜமீன்தாரின் மனுவைக் கிழித்தார். அதையும் புரொக்ளைம் செய்யச் சொன்னார், ஊர் நடுவில்.